பூத்தால் பூ, பூக்காவிட்டால் சிமெண்ட்

அந்த வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். மருமகளாக வந்த அன்றைக்கு யாரோ அப்படிக் கூப்பிட, அது ஒட்டிக்கொண்டது. தலை பாதி நரைத்து, படி ஏறினால் முழங்கால் சத்தம் போட ஆரம்பித்த பிறகும் அவள் சின்னவள்தான். பெரியவள் என்கிற அவளுடைய ஓரகத்தி, மகளின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வெளியூர் போய் மாதக்கணக்காகிறது. பட்டம் மட்டும் போகவில்லை. பெரியவள் விட்டுப்போன புருஷனுக்கும் சேர்த்து மூன்று ஆண்களுக்குச் சமைப்பது சின்னவள். மூன்று பேருமே நல்லவர்கள். சாப்பிட்ட தட்டை ஒருநாளும் கழுவி வைத்ததில்லை என்பதைத் தவிர அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில். கட்டடத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத நீளமான கூடம். ஒரு பக்கம் துவைக்கும் மெஷின்கள் உறுமிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் சுடச்சுட உருளும் இஸ்திரி உருளை. ஈரப் படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை இன்னொருத்தி பிடிக்க, சுருக்கம் இல்லாமல் உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் அது மொடமொடவென்று வெளியே வரும். காலையில் வெள்ளை, மத்தியானம் வெள்ளை, கிளம்பும்போதும் வெள்ளை. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் வெள்ளைதான். வெயில் ஏறுமுன் கிளம்பி வெயில் இறங்கிய பின் திரும்புகிறவளுக்கு வெயிலே பஸ் ஜன்னலில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கிற தூரத்து உறவாகிவிட்டது.

ஒருநாள் மூட்டையோடு மூட்டையாக யாரோ ஒரு நோயாளியின் வீட்டு விரிப்பும் கலந்து வந்துவிட்டது. சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகப் பூப்போட்ட விரிப்பு. அதைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, உருளைக்குள் போய்க்கொண்டிருந்த வெள்ளை விரிப்பு பிடிப்பார் இல்லாமல் கோணிக்கொண்டு சிக்கி, மெஷினையே நிறுத்த வேண்டியதாயிற்று. சூப்பர்வைசர் அம்மாள் வந்து, பூப் பார்க்கணும்னா பூங்காவுக்குப் போ, இங்கே எதுக்கு வர்றே என்று கேட்டாள். அவள் பேச்சுக்குத்தான் கேட்டாள். சின்னவளுக்கு அது பஸ்ஸில் வரும் வழியெல்லாம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பூங்காவுக்குப் போக அவளுக்கு ஏது பொழுது? பூ வேண்டுமானால் அது வீட்டுக்கு வந்தால்தான் உண்டு.

வீட்டின் பக்கவாட்டில், சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு கார் நிற்கிற அளவுக்கு மண்தரை சும்மா கிடந்தது. உடைந்த நாற்காலி, துருப்பிடித்த பீப்பாய், எந்தக் காலத்திலோ கழற்றிய கதவு எல்லாம் அங்கேதான் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. கார் நிற்கிற அளவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மாடியில் இருக்கும் மூத்தவர், அதாவது அவள் கணவனின் அண்ணன், வாடகைக் கார் ஓட்டுகிறவர். கார் தெருவில் நின்று வெளுக்கிறது, போகிறவன் வருகிறவன் எல்லாம் சாவியால் கோடு இழுத்துவிட்டுப் போகிறான் என்பது அவருடைய நெடுநாள் வயிற்றெரிச்சல். அந்த இடத்துக்குச் சிமெண்ட் போட்டுக் கூரை இறக்கக் கொத்தனாரிடம் பேசியே வைத்திருந்தார். அது சின்னவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு விடுமுறை நாளில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியையும் கதவையும் இழுத்து வெளியே போட்டாள்.

மூத்தவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். தன் காருக்காகத்தான் சுத்தம் செய்கிறாள் என்று நினைத்து, எதுக்குச் சிரமம், கொத்தனாரோட ஆள் வந்து பார்த்துக்குவான் என்றார். பூச்செடி வைக்கப் போவதாக அவள் சொன்னாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. விவகாரம் அன்று சாயங்காலமே மாமனாரிடம் போய்விட்டது.

மாமனார் குடிநீர் வாரியத்தில் வால்வு திறக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆளுயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், இந்தத் தெருவுக்குத் திற, அந்தத் தெருவுக்கு மூடு என்று ஊருக்கே படியளந்தவர். தண்ணீர் வந்த தெருவில் அவரைக் கும்பிட்டார்கள், வராத தெருவில் கல்லைத் தூக்கினார்கள். ஆகவே அவர் கணக்கில் உலகத்தில் ஒரே ஒரு வியாதிதான் உண்டு, தண்ணீர் போய்ச் சேராதது. தலைவலியா, முதலில் தண்ணீர் குடி. வேலை போய்விட்டதா, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு உட்கார், பேசலாம். மகன்கள் இரண்டு பேரும் இந்த வைத்தியத்திலேயே வளர்ந்தவர்கள். அந்த வீட்டில் யாருக்கும் ஆறுதலாக நாலு வார்த்தை பேச வராது. பேச வேண்டிய இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அந்த டம்ளரைக் கழுவுவதும் சின்னவள்தான்.

மாமனார் இரண்டு பக்கமும் கேட்டார். மங்கிப்போன கண்ணை இடுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"அடுத்த மாசக் கடைசி வரைக்கும் இடம் சின்னவளுக்கு. அதுக்குள்ள ஒரே ஒரு பூவாவது வந்துட்டா அது தோட்டம். வரலைன்னா அது கார் நிக்கிற இடம். பூத்தா பூ, பூக்கலைன்னா சிமெண்டு. அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

தீர்ப்பு முடிந்ததும் அவள் கணவன் மெதுவாக, மண்ணை வேண்டுமானால் தான் கொத்திக் கொடுப்பதாகச் சொன்னான். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவனுக்குப் பேக்கரியில் அடுப்படி வேலை. இருட்டோடு போய் மத்தியானம் திரும்பி, மாவு மணத்தோடு படுத்து, அவள் வரும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, அவள் வேலை முடித்து உட்காரும்போது மறுபடி தூங்கப் போகிறவன். அவனைப் பார்த்ததும் சின்னவளுக்கு எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்தது.

"வேணாம். இந்த வீட்டுல இத்தனை வருஷமா ஒரு டம்ளரை யாரும் தொட்டுக் கழுவினதில்ல. இதையும் தொட வேணாம். இது என்னோடது. யாராவது கை வெச்சீங்க, அப்புறம் நான் பேசமாட்டேன்."

மூன்று ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமனார் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

தோட்டம் போடுவது என்பது அவள் நினைத்ததுபோல் விதையைப் போட்டுவிட்டுக் கைகட்டிப் பார்க்கிற வேலையாக இல்லை. மண் காலங்காலமாக மிதிபட்டு ஓடுபோல் இறுகிக் கிடந்தது. தோண்டத் தோண்ட உடைந்த பீங்கானும் செங்கல் துண்டும் யாருடையதோ ஒற்றைச் செருப்பும் வந்தன. பகலெல்லாம் உருளை முன்னால் நின்ற கால், சாயங்காலம் மண்வெட்டியை மிதிக்கச் சொன்னால் மிதிக்குமா? ஒரு முழம் கொத்துவாள், மதிலில் சாய்ந்துகொள்வாள், இன்னொரு முழம் கொத்துவாள். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொள்வாள். அப்படியே உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்றுக்கடைக்காரி உண்டு. அவளிடம் போய், என்னை மாதிரி ஒண்ணும் தெரியாதவ வெச்சாலும் சாகாத செடி எது என்று கேட்டாள். நாற்றுக்கடைக்காரி சிரித்துவிட்டு, குட்டிக் குட்டியாகச் சதைப்பிடித்த இலை வைத்த குச்சிகளை ஒடித்து ஈரத்தாளில் சுற்றிக் கொடுத்தாள். ஒடிச்சு நட்டாலே வரும், தரையோட படரும், வெயில் மட்டும் நல்லா இருக்கணும் என்றாள். பூ எப்படி இருக்கும் என்று கேட்டதற்குத் தன் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிய பூ, சிவப்பு, மஞ்சள், ஊதா. அந்த விரிப்பில் இருந்த அதே நிறங்கள். சின்னவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை, பஸ்ஸில் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எது தலை, எது கால் என்று தெரியாமல் சிலதைத் தலைகீழாகவும் நட்டாள். தினமும் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு குவளைத் தண்ணீர் எடுத்து எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். அது ஒன்றுதான் அவள் நாளில் அவளுக்காகச் செய்துகொள்கிற காரியம்.

முதலில் துளிர்விட்டது. சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சலவைக் கூடத்தில் எதிரே நிற்பவளிடம் கேட்காமலேயே சொன்னாள். பிறகு ஒவ்வொன்றாகத் தண்டு கறுத்தது. அடியில் வெந்த கீரைத்தண்டுபோல் குழைந்து, தொட்டால் கையோடு வந்தது. நாலு செடி போயிற்று, அப்புறம் ஆறு. அழுகின ஒன்றைத் தாளில் சுற்றி நாற்றுக்கடைக்காரியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணி ஜாஸ்திம்மா, இதுக்குப் போய் இவ்வளவு தண்ணி ஊத்துவாங்களா என்றாள். சின்னவளுக்குச் சுருக்கென்றது. எல்லாச் செடிக்கும் சேர்த்து ஒரே ஒரு குவளை. அதைக்கூடச் சில நாள் அரைக் குவளையாகத்தான் ஊற்றியிருக்கிறாள். விற்கிறபோது ஒரு பேச்சு, செத்த பிறகு ஒரு பேச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

தண்ணீரும் காரணமில்லை என்றால் வேறு என்ன? பஸ் மூன்று நிறுத்தம் தாண்டுவதற்குள் அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. செடி செத்தால் யாருக்கு லாபம்? வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் லாபம். போதாததற்கு ஒருநாள் காலையில் செடிகளுக்குப் பக்கத்தில் காலி வாளி ஒன்று நிற்பதைப் பார்த்திருந்தாள். அது மூத்தவர் கார் கழுவுகிற வாளி. சோப்புத் தண்ணீரா, வேறு எதுவுமா, யார் கண்டது.

களைத்த மனுஷி யோசித்துப் பேசுவதில்லை. அன்று சாப்பாட்டில் மூத்தவருக்குப் பரிமாறிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"என் செடிக்கு என்ன ஊத்தறீங்க அத்தான்?"

மூத்தவர் கை தட்டில் நின்றது. அவர் முகம் சிவந்ததை அவள் பார்த்தாள், குற்றம் உள்ள நெஞ்சு என்று எடுத்துக்கொண்டாள். நேரே நின்று ஜெயிக்க வழியில்லாதவர்கள் வேரில் கை வைப்பார்கள் என்று இன்னும் ஒரு வார்த்தை கூடுதலாகவே சொன்னாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு மாடிக்குப் போனார். மறுநாள் முதல் கீழே சாப்பிட வரவில்லை. கணவன் நடுவில் நின்று அவளையும் பார்த்தான், மாடிப்படியையும் பார்த்தான். மாமனார் தண்ணீர் கொண்டுவர எழுந்தார். எனக்கு வேணாம் மாமா என்று அவள் சொல்லிவிட்டாள்.

மூத்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தால்தான் மனம் ஆறும் என்று இருந்தது. அதற்கு நாளும் வாய்த்தது. சலவைக் கூடத்தில் நீராவிக் கொதிகலனைப் பழுது பார்ப்பதாக ஒருநாள் விடுமுறை விட்டார்கள். சின்னவள் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. வேலைக்குப் போகிறவள்போல் கதவைச் சாத்தும் சத்தம் மட்டும் கேட்கும்படி செய்துவிட்டு, படுக்கை அறை ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்காருவது என்று திட்டம்.

ஆனால் அதற்கும் முன்னாலேயே, இன்னும் வெளுக்காத நேரத்தில், பக்கவாட்டில் வாளிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பேக்கரிக்குக் கிளம்பிய அவள் கணவன். ஒரு வாளித் தண்ணீரை மூச்சுப் பிடித்துத் தூக்கிவந்து, சத்தம் வராமல் இருக்கக் கையை நடுவே கொடுத்து, செடி செடியாக ஊற்றினான். முடிந்ததும் வாளியை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே கவிழ்த்து வைத்தான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். தொடாதே என்று சொன்னதற்காக இருட்டில் வந்து தொட்டிருக்கிறான். எத்தனை நாளாக என்று நினைத்துக்கொண்டே அவள் திரையை விட்டாள்.

வெளிச்சம் வந்த பிறகு அவள் கதவைச் சாத்திச் சத்தம் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் மூத்தவர் தெருவில் காரைக் கழுவி முடித்து இரண்டு வாளிகளோடு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். சின்னவள் எழுந்து கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். அவர் ஒரு வாளியில் விரலை விட்டு நனைத்துத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். அது சோப்பு வாளி. அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார். நல்ல தண்ணீர் வாளியை எடுத்துவந்து செடிகளின் அடியில் கையால் அள்ளி அள்ளி விட்டார். பிறகு குந்தி உட்கார்ந்து ஒரு செடியிடம் பேசினார்.

"பொழைச்சுக்கோயேன். உன்னால எனக்கு வீட்டுச் சோறு போச்சு."

தாழ்ப்பாளில் இருந்த கையை அவள் எடுத்தாள். அது தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

அதோடு முடியவில்லை. வெயில் சுவரைத் தொட்டதும் மாமனார் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். கண் சரியாகத் தெரியாததால் காலால் வரம்பைத் தடவித் தடவி வந்து, கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டார். குழாயைத் திறந்துவிட்டுத் தலையைச் சாய்த்துத் தண்ணீர் போகிற சத்தத்தைக் கேட்டார். கடைசிச் செடி வரை போய்ச் சேர்ந்துவிட்டதா என்று காதாலேயே அளந்தார். வேலைக்காலத்தில் கடைக்கோடி வீட்டுக்கும் தண்ணீர் போய்விட்டது என்று தெரியும்போது எப்படி இருந்திருப்பாரோ, அப்படி இருந்தது அவர் முகம். அவர் எழுந்தபோது செடிகள் குளத்தில் நின்றன. இதற்கு மேல் சாயங்காலம் அவள் வந்து, பாவம் காலையிலிருந்து தண்ணீரே இல்லை என்று ஒரு குவளை ஊற்றுவாள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்தில் எழுதாத ஆள் கிடையாது. இவர்கள் நாலு பேரும் எழுதியிருப்பார்கள். ஜன்னலடியில் உட்கார்ந்தபடியே சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தபோதே அழுகையாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் தனக்காக இந்த வீட்டில் யாரும் எதுவும் செய்வதில்லை என்று நினைத்திருந்தாள். செய்யத்தான் செய்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழியில், அது செத்துப்போகும்வரை செய்திருக்கிறார்கள்.

சாயங்காலம் மூத்தவரையும் கீழே கூப்பிட்டுவிட்டாள். அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்ததையும் பார்த்ததையும் சொன்னாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருட்டு முழி முழித்தார்கள். நீயுமா என்று அண்ணனும் தம்பியும் கேட்டுக்கொண்டார்கள். நாளையிலிருந்து யாரும் ஒரு சொட்டுக்கூட ஊற்ற வேண்டாம், தானும் ஊற்றப் போவதில்லை என்றாள். மாமனாருக்குத்தான் அது தாங்கவில்லை.

"தண்ணி ஊத்தாம எப்படிம்மா? பச்சப் பிள்ளைங்க மாதிரி நிக்குதுங்க."

"ஊத்தித்தான் மாமா இப்படி ஆயிடுச்சு."

மூத்தவரிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது என்று அவள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தபோதே அவர் மாடிப்படி ஏறிவிட்டார். மறுநாளிலிருந்து கீழே வந்து சாப்பிட்டார். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார், அவளைப் பார்க்கவில்லை.

தண்ணீர் ஊற்றாமல் இருப்பது அந்த வீட்டுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. கணவன் காலையில் பழக்கதோஷத்தில் வாளியைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்தான். மாமனார் பக்கவாட்டுப் பக்கமே போவதை விட்டுவிட்டார், பார்த்தால் மனசு கேட்காதாம். சின்னவள் மட்டும் வேலையிலிருந்து வந்ததும் குவளையை எடுக்காமல் படியில் உட்கார்ந்தாள். செய்ய ஒன்றுமில்லாமல் உட்காருவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அழுகினதுபோக மிச்சமிருந்த நாலைந்து செடிகள் நிமிர்ந்தன, தரையோடு இரண்டு விரல் படர்ந்தன. நுனியில் மொட்டும் கட்டியது.

ஆனால் மொட்டு மொட்டாகவே இருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அவள் குனிந்து பார்த்தாள். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மொட்டு எரிந்த தீக்குச்சித் தலைபோல் சுருங்கி இருந்தது. தொட்டாள், பிசுபிசுத்தது. விரியாமலேயே வாடத் தொடங்கிவிட்டது என்று புரிந்துகொண்டாள். வருத்தப்படக்கூட அலுப்பாக இருந்தது. உள்ளே போய்க் கணவனிடம், கொத்தனாரை நாளைக்கே வரச் சொல்லட்டும், ரெண்டு நாள் எதுக்கு இழுத்துக்கிட்டு என்று சொல்லி அனுப்பினாள். கணவன் மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்கு மூத்தவர் சாப்பிட வந்தபோது சரியாகச் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்தாள். கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் சலவைக் கூடத்தில் காலைத் தேநீர் வேளைக்குக் கொஞ்சம் முன்னால், வாசல்காவலர் இறங்கி வந்து அவளைத் தேடினார். வீட்டிலிருந்து கார் வந்து நிற்கிறது, அவசரமாம். கையில் பிடித்திருந்த முனையை அவள் அப்படியே எதிரே இருந்தவளிடம் கொடுத்தாள். சூப்பர்வைசர் அம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போ, சீக்கிரம் வா என்றாள். படி ஏறுவதற்குள் அவள் மாமனாரை இரண்டு தடவை சாகடித்துவிட்டாள். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. மூத்தவர் காரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமாவுக்கு என்ன?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. யாருக்கும் ஒண்ணுமில்ல. ஏறு."

அந்தக் காரில் அவள் அதுவரை ஏறியதே கிடையாது. அது தொழில் வண்டி, சவாரி இல்லாமல் நகராது. அவர் நேரே வீட்டுக்கு ஓட்டினார். வீட்டு வாசலில் கொத்தனார் மணல் சட்டிமேல் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார், மாமனார் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். மூத்தவர் இரண்டு பேரையும் தாண்டி அவளைப் பக்கவாட்டுக்கு அழைத்துப் போனார்.

வெயில் மதிலைத் தாண்டித் தரை முழுக்க விழுந்திருந்தது. அந்த இடத்தில் வெயில் அப்படி விழுவதை அவள் நின்று பார்த்ததே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் படர்ந்த இரண்டு செடிகளின் நுனியில் ஆளுக்கொரு பூ விரிந்திருந்தது. சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒன்று சிவப்பு, ஒன்று ஊதா. இதழ் அவ்வளவு மெல்லிசு, வெயில் அதற்குள்ளே புகுந்து வந்தது.

"இது வெயில் ஏறினா விரியுது, மத்தியானத்துக்கு மேல மூடிக்குது," என்றார் மூத்தவர். "நீ வர்ற நேரத்துக்கு ஒண்ணும் தெரியாது. சுருங்கிக் கெடக்கும்."

அவள் குந்தி உட்கார்ந்துவிட்டாள். அவர் நின்றபடி மதிலைப் பார்த்துச் சொன்னார்.

"நேத்தும் பூத்திருந்துச்சு. சவாரி இல்லாம வீட்டுல இருந்தேன், நான்தான் பார்த்தேன். அப்பாவுக்குக் கண்ணு தெரியாது. வேற யாரும் பார்க்கல. பேசாம வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அப்போதும் மதிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், நான் அன்னைக்கு உங்களை..."

"நீ சொன்னன்னைக்கு நான் ஒண்ணும் செய்யல. நேத்துதான் செஞ்சேன். சரிக்குச் சரி, விடு."

மாமனாரைக் கூட்டிவந்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்து விரலால் தடவிப் பூவைக் கண்டுபிடித்தார். தீர்ப்பைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொத்தனார் மட்டும், இந்த ரெண்டு பித்தானுக்காகவா என்னைத் திருப்பி அனுப்பறீங்க என்று கேட்டார். மாமனார் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். கொத்தனார் குடித்து வைத்த மிச்சத்தை மாமனார் செடிப் பக்கம் வீசப் போய், நடுவில் நினைவு வந்து, கையைத் திருப்பித் தானே குடித்துவிட்டார்.

"வண்டி எங்கே நிறுத்துவீங்க?" என்று சின்னவள் கேட்டாள்.

"தெருவுலதான். இத்தனை நாளும் அங்கதானே நின்னுச்சு."

திரும்பும்போதும் அவர் முன்கதவையே திறந்தார். இருக்கை வெயிலில் சூடேறி இருந்தது. ஆனாலும் இறங்கி ஈர விரிப்பைப் பிடிக்கப் போகிற கைக்கு அது இதமாக இருந்தது. தலையைச் சாய்த்தாள். கண்ணை மூடினால் வழக்கமாக வருகிற வெள்ளை வந்தது, அதில் ஒரு சிவப்பும் ஒரு ஊதாவும் இருந்தன. எப்போது தூங்கினாளோ தெரியாது.

வண்டி நின்றது அரைத் தூக்கத்தில் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசல் சத்தம் கேட்டது. இடைவேளை எப்போதோ முடிந்திருக்கும், சூப்பர்வைசர் அம்மாள் கத்துவாள். மூத்தவர் எஞ்சினை அணைத்தார், அவள் பக்கத்துக் கண்ணாடியில் விழுந்த வெயிலுக்குத் துண்டை எடுத்துச் செருகினார். அவளை எழுப்பவில்லை. அவளும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.